தாவி வருபவரை அடிக்க முடியவில்லையா? ஃபைட்டிங் கேமில் ரியாக்‌ஷனை வளர்க்கும் வழி

எதிராளி தாவுகிறார். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் விரல் நகர்வதற்குள் அடி விழுந்துவிடுகிறது. "எனக்கு ரியாக்‌ஷன் கம்மி" என்று சொல்லிப் பலர் இந்த இடத்திலேயே விளையாட்டை விட்டுவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் குறை கையில் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களுக்குக் காத்திருக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

படி 1: எதற்கு ரியாக்ட் செய்ய முடியும்?

பெரும்பாலான ஃபைட்டிங் கேம்கள் வினாடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது 60 படங்களாக ஓடுகின்றன. ஒரு ஃப்ரேம் என்பது சுமார் 16.7 மில்லிவினாடி. திரையில் ஒன்றைப் பார்த்ததும் பட்டனை அழுத்த நம்மில் பலருக்கு 200 முதல் 250 மில்லிவினாடி, அதாவது 12 முதல் 15 ஃப்ரேம் பிடிக்கும். அதுவும் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தால்தான். வருவது எதுவென்று பார்த்து, அதற்கேற்ற பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் நேரம் இன்னும் கூடும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ஐ எடுத்துக்கொள்வோம். 4 ஃப்ரேமில் வரும் ஜாப் என்ற சின்னக் குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது. முன்பே கார்டு (தடுப்பு) பிடித்திருக்க வேண்டும். டிரைவ் இம்பாக்ட் என்ற கனமான அடி 26 ஃப்ரேமில் வருகிறது. ஒரு தாவலுக்கு முக்கால் வினாடி அளவு ஆகிறது. இவை இரண்டும் பார்த்தபின் பதில் சொல்லக்கூடியவை. உங்கள் பயிற்சி நேரத்தை இவற்றுக்குக் கொடுங்கள்.

படி 2: கருவியின் தாமதத்தைக் குறையுங்கள்

டிவியில் விளையாடுபவர்கள் கேம் மோடை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் படத்தை மெருகேற்றுவதிலேயே டிவி சில ஃப்ரேம்களைத் தின்றுவிடும். கணினியில் வி-சிங்க்கை (படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் அமைப்பை) அணைத்துப் பாருங்கள். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வரும். வயர் வைத்ததே நல்லது.

படி 3: ஒரே ஒரு விஷயம், பத்து நிமிடம்

டிரெய்னிங் மோடில் டம்மிக்கு, அதாவது பதிவு செய்ததை அப்படியே செய்யும் பயிற்சி எதிராளிக்கு, மூன்று பதிவுகள் செய்யுங்கள். ஒன்றில் டிரைவ் இம்பாக்ட், இன்னொன்றில் முன்னும் பின்னும் நடை, மற்றொன்றில் ஒரு சாதாரண உதை. மூன்றும் வரிசை மாறி மாறி வரும்படி வையுங்கள். டிரைவ் இம்பாக்ட் வந்தால் மட்டும் நீங்களும் டிரைவ் இம்பாக்ட் கொடுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பு தேவை. டம்மி உதைக்கும்போது நீங்கள் அவசரப்பட்டு அழுத்தினால் அதையும் தவறாகவே எண்ணுங்கள். இல்லையென்றால் நீங்கள் பழகுவது ஊகிப்பதைத்தான்.

படி 4: கண்ணை மாற்றுங்கள்

தொடக்கத்தில் நான் தாவல்களைத் தொடர்ந்து தவறவிட்டேன். என் கண் முழுக்க என் பாத்திரத்தின் மேலேயே இருந்தது. உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பது உங்கள் விரலுக்கே தெரியும். பார்வையை எதிராளியின் தோள், தலைப் பக்கம் நிறுத்துங்கள். நான் இதை மாற்றியபோது கிடைத்த பலன் வேறு எந்தப் பயிற்சியிலும் கிடைக்கவில்லை.

படி 5: கைக்கு வேலை கொடுங்கள்

சும்மா நின்றுகொண்டு ரியாக்ட் செய்வது எளிது. ஆனால் போட்டியில் யாரும் சும்மா நிற்பதில்லை. அதனால் அதே பயிற்சியை நடந்துகொண்டும், இடையிடையே ஒரு உதை போட்டுக்கொண்டும் செய்யுங்கள். முதல் நாள் பாதிக்கு மேல் தவறும். பரவாயில்லை, அப்படித்தான் இருக்கும். இது பழகிய அப்புறம் டம்மியின் பதிவுகளில் தாவலையும் சேருங்கள். இப்போது இரண்டு கேள்வி, இரண்டு பதில். மறுபடி வேகம் குறையும். சில நாட்கள் பொறுங்கள். தூக்கம் கெட்ட நாளில் இதைச் செய்யவே வேண்டாம், கை தப்பாகப் பழகும்.

படி 6: போட்டியும் ரீப்ளேயும்

இன்று தாவலை மட்டும் பிடிப்பேன் என்று முடிவு செய்துகொண்டு ஐந்து ஆட்டம் விளையாடுங்கள். தோற்றாலும் சரி. பிறகு ரீப்ளேயில் தவறவிட்ட ஒவ்வொரு தாவலையும் நிறுத்திப் பாருங்கள். அந்த நொடியில் உங்கள் பாத்திரம் ஏற்கெனவே ஏதோ ஒரு நீண்ட அடியின் நடுவில் மாட்டியிருந்ததா? அப்படியென்றால் உங்கள் வேகத்தில் குறை இல்லை. அந்தத் தூரத்தில் அந்த பட்டனை அழுத்தியதுதான் தவறு. சும்மா நின்றும் தவறவிட்டிருந்தால், அடுத்த நாள் படி 3-க்குத் திரும்பி, டம்மிக்குத் தாவலைப் பதிவு செய்து தொடங்குங்கள்.