பழைய கிரிஸ் கத்தியின் மர உறையைச் சரிசெய்வது எப்படி?

ஜாவாவின் பழைய கிரிஸ் ஒன்று கைக்கு வரும்போது, அலகை விட உறைதான் அதிகம் அடிபட்டிருக்கும். விரிசல், ஆட்டம், சில சமயம் அது வேறொரு கத்தியின் உறையாகவே இருக்கும். எதுவானாலும் உறையைத்தான் செதுக்க வேண்டும். அலகில் அரம் படவே கூடாது.

உறையில் மேலே அகன்றிருப்பது வராங்கா. கீழே நீளும் தண்டு காண்டார். அதன்மேல் மாட்டிய உலோகக் கூடு பெண்டோக்.

முதலில் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அலகின் வரிகள் எடுப்பாகத் தெரிய, ஆர்செனிக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கழுவும் வழக்கம் ஜாவாவில் உண்டு. உறைக்குள் இருக்கும் துருத்தூளிலும் அந்த நஞ்சு இருக்கலாம். வாயால் ஊதாமல், மூங்கில் குச்சியில் துணி சுற்றித் துடைத்தெடுங்கள்.

பெண்டோக்கைக் கீழ்நோக்கி மெல்ல உருவுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், நெம்ப வேண்டாம். விரிசலுக்கும் விட்டுப்போன இணைப்புக்கும் தச்சர்களின் பழைய வஜ்ஜிரப் பசையே (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுப்பது) நல்லது. பின்னால் வேறொருவர் பிரிக்க நினைத்தால் ஈரச் சூட்டில் இளகிவிடும். எபாக்சி அப்படி விடாது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. அலகின் அடியில் ஒரு பக்கம் நீண்டிருக்கும் பகுதி கோன்ஜோ. கத்தி உறையின் வாயில் அமர்வது அதன்மேல்தான். நுனி அடியில் முட்டக் கூடாது. அலகை அட்டையில் வரைந்து, அதே அளவில் மெல்லிய பிளைவுட்டில் ஒரு மாதிரி வெட்டுங்கள். அதில் சாக்பீஸ் தடவி உள்ளே விட்டு எடுங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ, உறை இடிப்பது அங்கேதான். ஒல்லியான நீள அரத்தால் அந்த இடத்தை மட்டும் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடி பாருங்கள். அலகு வளைந்து வளைந்து போனாலும் உள்ளே வளைவுகள் செதுக்க வேண்டாம். அது தாராளமாகப் போய்வர நேரான பள்ளம் போதும். பொறுமை வேண்டும், அதிகம் தேய்த்த மரம் திரும்பி வராது.

வாய் தளர்ந்திருந்தால் அதே வகை மரத்தில் மெல்லிய சீவல் எடுத்து உள்ளே ஒட்டுங்கள். துணியோ தோலோ திணித்தால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

வெளியே வார்னிஷ் வேண்டாம். ஜாவாவில் உறை செய்யப் பயன்படும் திமோஹோ மரமென்றால் அதிலுள்ள கரும்புள்ளிகளுக்குத்தான் மதிப்பு; உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துளி எண்ணெயை மென்துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். அலகுக்கு எண்ணெய் பூசினால், மிச்சத்தை நன்றாகத் துடைத்த பிறகே உறையில் போடுங்கள்.