மேடைக்கு ஒரு நைலான் கிட்டார்: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

பிக்கப் (தந்தியின் அதிர்வை ஸ்பீக்கருக்குப் போகும் மின் சிக்னலாக மாற்றும் கருவி) வைத்த நைலான் கிட்டாரைத் தேடி இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் டிரினிட்டி கிரேடு என்ற இசைத் தேர்வுக்காகக் கிளாசிக்கல் படித்துக்கொண்டிருப்பவர். சர்ச் குவயரிலோ கல்லூரி மேடையிலோ வாசிக்கக் கூப்பிட்டிருப்பார்கள். கிட்டார் முன்னால் மைக் வைத்தால் பக்கத்து டிரம்ஸ்தான் அதில் கேட்கிறது. இன்னொருவர் பல வருடம் ஸ்டீல் தந்தியில் வாசித்தவர். நைலானின் மெத்தென்ற ஒலி பிடித்துப்போய்த் தேட ஆரம்பித்திருப்பார். கடையில் இருவருக்கும் ஒரே சுவரில் மாட்டியிருப்பதை இறக்கிக் கொடுப்பார்கள். ஆனால் இருவருடைய கைக்கும் ஒரே கிட்டார் ஒத்துவராது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் கடைகளில் பிக்கப் வைத்த கிட்டார் எல்லாமே ‘செமி அகூஸ்டிக்’தான். அதே சொல்லை இணையத்தில் தேடினால் உள்ளே குடைந்த உடம்புள்ள எலக்ட்ரிக் கிட்டார்கள் வந்து நிற்கும். ‘எலக்ட்ரோ கிளாசிக்கல்’ என்று தேடுங்கள். கடையில் ‘நைலான் ஸ்ட்ரிங், பிக்கப்போட’ என்று கேட்டால் போதும்.

படி 1: உண்மையிலேயே பிக்கப் வேண்டுமா?

வீட்டில் பழகவும் வகுப்புக்குப் போகவும் மட்டும்தான் என்றால் வேண்டாம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மின்சாதனத்துக்குப் போய்விடும். அதே விலையில் பிக்கப் இல்லாத கிட்டார் எடுத்தால் இன்னும் நல்ல மரம் கிடைக்கும். யமஹாவில் சி40 என்ற சாதாரண கிளாசிக்கலும், அதிலேயே பிக்கப் வைத்த சிஎக்ஸ்40-உம் உண்டு. இரண்டின் விலையையும் கேட்டுப் பாருங்கள், அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சிறிய அறையில் தனியாக வாசிக்கிறீர்கள் என்றால் 12-ஆவது ஃபிரெட்டை (நெக், அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பார்த்தபடி ஓரடி தள்ளி ஒரு நல்ல மைக் வைத்தாலே அழகாகக் கேட்கும். டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிட்டார் என்று குழுவோடு வாசிக்கும்போதுதான் பிக்கப் தவிர்க்க முடியாததாகிறது.

கையில் ஏற்கெனவே பிடித்தமான கிளாசிக்கல் கிட்டார் இருக்கிறதா? அதை விற்க அவசரப்படாதீர்கள். கேஎன்ஏ என்ற பெயரில் வரும் என்ஜி-1 போன்ற பிக்கப், பிரிட்ஜில் (தந்திகளைக் கட்ட முன்பலகையில் ஒட்டியிருக்கும் மரக்கட்டை) தந்தி முடிச்சுப் போடும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். துளை போட வேண்டாம், வேண்டாதபோது கழற்றிவிடலாம். பலருக்கு இதுவே போதும்.

படி 2: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப் காந்தத்தால் வேலை செய்கிறது. இரும்புத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. நைலானைக் காந்தம் கண்டுகொள்ளாது. அதனால் நைலான் கிட்டாரில் வழக்கமாக வைப்பது பீசோ. பிரிட்ஜில் தந்திகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டை சேடில். அதன் அடியில் மெல்லிய நாடாவைப் போல இந்த பீசோ படுத்திருக்கும். தந்தி அதிரும்போது சேடில் அதை நுணுக்கமாக அழுத்தி விடும், அந்த அழுத்தம் மின்னழுத்தமாக மாறும்.

அந்த சிக்னல் மிகவும் மெலிந்தது. அதைத் தூக்கிக் கொடுக்கத்தான் கிட்டாரின் விலாவில் குமிழ்களோடு ப்ரீஆம்ப் இருக்கிறது. அதற்கு பெரும்பாலும் ஒரு 9 வோல்ட் பேட்டரி. சில மாடல்களில் பென்சில் பேட்டரி இரண்டு.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பீசோ கேட்பது அழுத்தத்தை. ஆறு தந்திகளும் அதைச் சமமாக அழுத்தினால்தான் ஆறும் சமமாகக் கேட்கும். படி 5-இல் இது மறுபடியும் வரும்.

படி 3: நெக் அகலம்

விலைக்கும் பிராண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான். கிட்டாரின் தலைப்பக்கத்தில், தந்திகள் பள்ளத்தில் உட்காரும் பட்டைக்கு நட் என்று பெயர். மரபான கிளாசிக்கலில் அங்கே அகலம் 52 மில்லிமீட்டர். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் ஏறக்குறைய 43. இரண்டுக்கும் நடுவில் 48 மில்லிமீட்டரில் ஒரு வகை வருகிறது, அதை ‘கிராஸ்ஓவர்’ என்கிறார்கள். எண்ணாகப் பார்த்தால் 4 மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. கையில் எடுத்தால் வேறு வாத்தியம்.

கிளாசிக்கல் படிப்பவர் 52-ஐ விட்டு இறங்க வேண்டாம். வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தந்தியில் இறங்க அந்த இடைவெளி தேவை. பழகும் கிட்டார் ஓர் அகலம், மேடைக் கிட்டார் வேறு அகலம் என்றால் மேடையில் விரல் தடுமாறும். ஸ்டீல் தந்தியில் இருந்து வருபவருக்கு 48 வசதி. ஒரே விரலைப் படுக்கவைத்துப் பல தந்திகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்கும்போது அந்த வித்தியாசம் மணிக்கட்டில் தெரியும்.

யமஹாவின் என்எக்ஸ் வரிசை இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். அதில் என்சிஎக்ஸ் என்று தொடங்குபவை மரபான அகலம், நெக் உடம்போடு சேருவது 12-ஆவது ஃபிரெட்டில். என்டிஎக்ஸ் என்று தொடங்குபவை 48 மில்லிமீட்டர், மெலிந்த உடம்பு, 14-ஆவது ஃபிரெட்டில் சேரும் நெக். கோர்டோபாவின் ஃபியூஷன் வரிசையும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையை ஒட்டியதுதான். மாடல் எண் நினைவில்லாவிட்டால் பாக்கெட்டில் ஸ்கேல் ஒன்று எடுத்துப்போய் நட்டை அளந்துவிடுங்கள்.

ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து சேடில் வரை தந்தியின் நீளம், பெரியவர்களுக்கு 650 மில்லிமீட்டர். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரெஸ் செய்த கிட்டார்கள்தான் இந்த அளவையும் இன்றைய உடம்பு வடிவத்தையும் நிலைநிறுத்தின. பிக்கப் வந்தும் அது மாறவில்லை.

படி 4: மரம்

கிட்டாரின் முன்பலகைதான் பாடுகிறது. அது ஒரே மரத்தில் அறுத்த பலகையா, பிளைவுட் போல ஒட்டிய அடுக்கா என்று பாருங்கள். ஒலித்துளையின் விளிம்பைக் கவனித்தால் தெரியும். மேலே ஓடும் மரக்கோடு விளிம்பிலும் அப்படியே இறங்கினால் ஒரே பலகை. குறுக்கே வேறு அடுக்குகள் தெரிந்தால் ஒட்டியது. சீடர் பலகை வெதுவெதுப்பாக, வாங்கிய முதல் நாளிலிருந்தே திறந்து ஒலிக்கும். ஸ்புரூஸ் தெளிவும் கூர்மையும் கொண்டது. எது மேல் என்று கேட்காதீர்கள், இரண்டையும் வாசித்துப் பார்த்துக் காதுக்குப் பிடித்ததை எடுங்கள்.

மேடையில் சத்தம் அதிகம், எப்போதும் குழுவோடுதான் என்றால் ஒட்டுப்பலகை ஒன்றும் பாவமில்லை. குறைவாக அதிர்வதால் ஸ்பீக்கர் ஒலியைத் திரும்ப வாங்கிக் கூவுவதும் குறையும். ஆனால் வீட்டிலும் அதே கிட்டாரில்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரே பலகைக்குப் பணத்தைப் போடுங்கள். பிக்கப்பை நாளைக்கு மாற்றலாம். முன்பலகையை மாற்ற முடியாது.

படி 5: கடையில் சோதிப்பது

முதலில் கேபிள் செருகாமல் வாசியுங்கள். பத்து நிமிடமாவது. அப்படியே பிடிக்காத கிட்டார் ஸ்பீக்கரில் பிடிக்கப் போவதில்லை.

அப்புறம் செருகுங்கள். எலக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்பில் போட்டுக் காட்டினால் ஏற்காதீர்கள், அதன் ஒலி வேறு. அகூஸ்டிக் ஆம்ப் கேளுங்கள், இல்லாவிட்டால் மிக்சரும் ஸ்பீக்கரும். பேஸ், மிடில், டிரெபிள் குமிழ்களை எல்லாம் நடுவில் வையுங்கள். கடைக்காரர் பழக்கத்தில் பேஸைக் கூட்டி எக்கோ போட்டுக் கொடுப்பார். கேட்க இனிமையாக இருக்கும், குறை எதுவும் தெரியாது.

இப்போது ஆறாவது தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஒவ்வொன்றையும் ஒரே பலத்தில் மீட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் பின்னால் போகிறதா?

நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு கிட்டார் வாங்கினேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரு திருமண வரவேற்பில் மெலடி வாசிக்கும்போது இரண்டாவது தந்தியில் வரும் ஸ்வரங்கள் எல்லாம் ஸ்பீக்கரில் பாதியாக ஒலித்தன. பாட்டு நடுநடுவே ஓட்டை விழுந்த மாதிரி. பிக்கப் போய்விட்டது என்றே நினைத்தேன். பழுது பார்ப்பவர் தந்திகளைத் தளர்த்திச் சேடிலை வெளியே எடுத்து, அதன் அடியை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துக் காட்டினார். இரண்டாம் தந்திக்கு நேர் கீழே கண்ணாடிக்கும் சேடிலுக்கும் நடுவே மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் பீசோவை அது அழுத்தவே இல்லை. அடியைச் சமமாகத் தேய்த்ததும் ஆறு தந்தியும் ஒன்றாகப் பேசின.

அதனால் ஒரு தந்தி மங்கலாகக் கேட்டால் அந்தக் கிட்டாரை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ‘சேடிலைச் சரிசெய்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லுங்கள். சரிசெய்த பிறகு உங்கள் காதால் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்து, பலமாக மீட்டிப் பாருங்கள். பீசோவில் அப்போது ‘டக்’கென்ற பிளாஸ்டிக் சாயல் ஏறும். கொஞ்சம் எல்லாவற்றிலும் இருக்கும். மிடிலைச் சற்றுக் குறைத்தால் அடங்குகிறதா என்று பாருங்கள், அடங்கினால் போதும். கேபிள் நுனியை ஜாக்கில் மெதுவாக ஆட்டுங்கள், கரகரவென்று சத்தம் வரக்கூடாது. குமிழ்களைத் திருப்பும்போதும் அப்படியே. கடைசியாக, ஸ்பீக்கரைப் பார்த்து நின்று ஒலியை ஏற்றுங்கள். கூவ ஆரம்பித்தால் ஃபேஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள், அதை அழுத்தினால் பல சமயம் நின்றுவிடும்.

படி 6: தந்தி உயரமும் சுருதியும்

12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் ஆறாவது தந்தி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், முதல் தந்தி 3 மில்லிமீட்டர். கிளாசிக்கலுக்கு இது வழக்கமான உயரம். ஸ்டீல் தந்தியில் பழகியவருக்கு அதிகமாகத் தோன்றும். ஆனால் நைலான் அகலமாக ஆடும் தந்தி, அதற்கு இடம் வேண்டும். இதைவிட மிக உயரமாக இருந்தால் சேடிலைத் தேய்த்து இறக்கலாம். சேடிலின் அடி சமமாக இருக்க வேண்டும் என்று பார்த்தோமே, அதற்காகவே இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டி, ஹார்மோனிக்ஸ் என்ற மணியொலி எடுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒன்றாகக் காட்ட வேண்டும்.

படி 7: பழைய கிட்டார் என்றால்

பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர்கிறது. முன்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு போல உப்பியிருந்தால், முன்பு யாரோ ஸ்டீல் தந்தி மாட்டியிருக்கக்கூடும். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. ஸ்டீலில் அது 70-ஐத் தாண்டும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தக் கிட்டார் வேண்டாம். பேட்டரிப் பெட்டியையும் திறந்து பாருங்கள், பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் ப்ரீஆம்புக்குச் செலவு காத்திருக்கிறது.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

புது நைலான் தந்தி நான்கைந்து நாளைக்குச் சுருதியில் நிற்காது. கிட்டாரில் குறை இல்லை, நைலான் நீள்கிறது. தினமும் ட்யூன் செய்துகொண்டே இருங்கள். மேடைக்கு முதல் நாள் தந்தி மாற்றாதீர்கள், ஒரு வாரம் முன்னால் மாற்றுங்கள். முதலில் உயிர் போவது பெரும்பாலும் நான்காவது தந்தி, அது மட்டும் ஒன்று கூடுதலாக வைத்திருங்கள்.

வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஜாக்கில் கேபிள் இருக்கும்வரை ப்ரீஆம்ப் விழித்திருக்கும், பேட்டரி வீணாகக் கரைந்துகொண்டே இருக்கும். மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கடலோர ஊர்களில் காற்று அதைவிட ஈரமாக இருக்கும், இரவெல்லாம் ஏசி ஓடும் அறை அதைவிட உலர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையே தினமும் அலைக்கழிப்பதுதான் மரத்துக்கு ஆகாது. அதனால் வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள் வையுங்கள்.

முதல் மேடைக்குப் போகும்போது கிட்டார் சிக்னலை மைக் கேபிளில் அனுப்ப ஏற்றதாக மாற்றும் டிஐ பாக்ஸ் ஒன்று எடுத்துப் போங்கள். கிட்டாரிலிருந்து அதற்கு ஒரு குட்டிக் கேபிள், அங்கிருந்து மிக்சருக்கு மைக் கேபிள். இரைச்சல் அதிகம் ஏறாமல் வெகு தூரம் போகும். மிக்சரில் இருப்பவரிடம், ‘100 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைங்க அண்ணே’ என்று சொல்லுங்கள். கிட்டாரின் கூடு தானாக முழங்கும் இடம் அங்கேதான், கூவலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். அப்படியும் அடங்காவிட்டால் ஒலித்துளையை அடைக்கும் ரப்பர் மூடி ஒன்று பையில் இருக்கட்டும்.