மே மாத லீவில் படித்த கதை

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு, லீவிலேயே பிளஸ் டூ பாடம் பாதியை முடித்துவிடுவது என்று கலர் பேனாவில் ஒரு டைம்டேபிள் போட்டேன். தினமும் எட்டு மணி நேரம். மூன்றாவது நாள் அது பீரோ கதவில் மட்டும்தான் இருந்தது, நான் மாமா வீட்டில் கேரம் ஆடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் இன்னொரு அடி. கலப்பு எண்கள் எப்படியோ ஓடியது, ஆனால் தொகை நுண்கணிதம் ஒரு வரி நகரவில்லை, ஏனென்றால் அதற்கு வேண்டியதெல்லாம் பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது, அதை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து தள்ளியிருந்தேன்.

சரி என்று பிளஸ் டூ புத்தகத்தை மூடி வைத்தேன். காலை 6 முதல் 8 வரை, வெயில் ஏறுவதற்குள், பழைய புத்தகத்தில் வகையிடல், பகுதித் தொகையிடல் மட்டும். எடுத்துக்காட்டுக் கணக்கை ஒருமுறை படிப்பேன், மூடிவிட்டுப் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்ப்பேன். எங்கே நின்றேனோ அந்த வரியில் சிவப்பு வட்டம். அநேகமாக எல்லா வட்டமும் கூட்டல் கழித்தல் குறியில்தான் விழுந்தது, அதுதான் வெட்கக்கேடு. எட்டு மணிக்கு மேல் புத்தகத்தைத் தொடவே மாட்டேன், அம்மா திட்டினாலும்.

ஜூனில் பள்ளி திறந்தபோது புதுப் பாடம் ஒன்றுகூட முடித்திருக்கவில்லை. ஆனால் தொகையிடல் வந்தபோது, கடைசி பெஞ்சில் நான்தான் முதலில் விடை சொன்னேன்.