கூடத்தோடு சேர்ந்த சமையலறைக்குத் தரை தேர்ந்தெடுத்த என் அனுபவம்

சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்த பிறகு, கூடத்தின் ஆத்தங்குடித் தரையும் சமையலறையின் பளபளப்பான விட்ரிஃபைட் டைல்ஸும் ஒட்டாமல் நின்றன. அதைவிடப் பெரிய கவலை, எண்ணெய் சிந்திய இடத்தில் அம்மா இருமுறை வழுக்கியதுதான்.

ஆத்தங்குடிக் கல்லையே உள்ளேயும் பதித்துவிடலாம் என்று முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் அது சூளையில் சுடப்படாத சிமெண்ட் கல் என்பதால், மிஞ்சியிருந்த ஒரு கல்லின் மீது புளிக்கரைசலையும் மஞ்சள்தூளையும் இரவு முழுவதும் விட்டுப் பார்த்தேன். காலையில் புளி பட்ட இடம் மெருகிழந்து வெளிறியிருந்தது, மஞ்சள் கறையோ சோப்புக்கும் அசையவில்லை. அந்த அழகு கூடத்துக்கே உரியது.

ஆகவே கூடத்துக் கரைக்கல்லின் சாம்பல் நிறத்தையொட்டிய, சொரசொரப்பான மேட் விட்ரிஃபைட் டைல்ஸை 2 அடிக்கு 2 அடி அளவில் வாங்கினேன். வாங்குமுன் கடையிலேயே அதன்மேல் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல்லின் தடிமன் அதிகம் என்பதால், கொத்தனார் புது டைல்ஸின் அடியில் கலவையை உயர்த்திப் போட்டு இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். இணைப்புகளில் வெள்ளைச் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி என்னும் பிசின் கலவையை நிரப்பியதால், சாம்பார் சிந்தினாலும் ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடுகிறது.