வீட்டைப் பார்க்கும் முன் தெருவை நடந்து பாருங்கள்: ரிட்டயர் ஆகி வேலூர்ப் பக்கம் குடியேறுபவர்களுக்கு

அப்பா ரிட்டயர் ஆனதும் அம்மாவும் அவரும் அம்பத்தூரிலிருந்து சொந்த ஊர்ப் பக்கம் திரும்பினார்கள். வேலூருக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி, புதிதாகப் போட்ட லேஅவுட்டில் ஒரு வீடு வாங்கினோம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், கொல்லையில் முருங்கை. மளிகைக் கடை மட்டும் இரண்டு கிலோமீட்டர். "அதான் வண்டி இருக்கே, அஞ்சு நிமிஷம்" என்றார் அப்பா.

மூன்றாவது வருடம் அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடி, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். அன்றிலிருந்து அம்மாவும் சேர்ந்து வீட்டுக்குள் அடைபட்டுப் போனார். ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் யாராவது வரவேண்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்த வேதனையில்தான் இரண்டாவது முறை வேறு விதமாக இடம் தேடினேன். அப்படித் தேடிய முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: ஒரு வாரத்தை எழுதுங்கள்

ஒரு நோட்டில் ஏழு நாளும் எங்கெங்கே போகிறீர்கள் என்று குறியுங்கள். ரிட்டயர் ஆனபின் போகலாம் என்று நினைக்கிற இடங்கள் வேண்டாம், இப்போது நிஜமாகவே போகிற இடங்கள் போதும். எங்கள் வீட்டு நோட்டில் வந்தவை: பால், காய், மெடிக்கல் ஷாப், கோயில், பேங்க், சலூன், அம்மாவின் சிநேகிதி வீடு. பாலும் காயும் தினசரி. கோயில் வாரத்தில் மூன்று நாள். பேங்க் மாதத்துக்கு ஒரு தடவை.

இந்த இடத்தில் வேலூரில் எல்லோரும் செய்கிற ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். "வயசான காலத்துல சி.எம்.சி. பக்கத்துலயே இருந்துடணும்" என்பார்கள். அந்த பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் நோட்டில் ஆஸ்பத்திரி மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வந்தது. அதற்கு ஆட்டோ போதும். பால் தினமும் வேண்டும். தவிர, ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்கள் நாடு முழுவதிலிருந்தும் வருகிற நோயாளிகளும் லாட்ஜ்களும் ஆட்டோக்களுமாக நெரிகிற இடம். எழுபது வயதில் காலை நடைக்கு அது தோதான இடம் இல்லை. ஆஸ்பத்திரி ஆட்டோ தூரத்தில் இருக்கட்டும், தினசரித் தேவைகள் நடை தூரத்தில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: தூரத்தைப் பெரியவர்களின் காலால் அளங்கள்

மேப்பில் "5 நிமிட நடை" என்று காட்டுவதை நம்பாதீர்கள். அது வேகமாக நடக்கிறவர்களின் ஐந்து நிமிடம். அப்பாவை நடக்கவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஏறக்குறைய 500 மீட்டர் வந்தார். திரும்பும்போது கையில் மூன்று கிலோ பை இருந்தது, இன்னும் மெதுவானார். எங்களுக்கு அந்த 500 மீட்டர்தான் எல்லை என்று அன்றே முடிவு செய்தேன். உங்கள் வீட்டிலும் யார் கால் மெதுவோ அவர் காலால் அளங்கள்.

நேர்க்கோட்டுத் தூரத்தைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. சத்துவாச்சாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளும் வசதிகளும் நிறைய உள்ள பகுதி, கலெக்டர் ஆபீசும் அங்கேதான். ஆனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அதை ஒட்டியே ஓடுகிறது. வீடு ஒரு பக்கம், மருந்துக் கடை எதிர்ப்பக்கம் என்றால் 150 மீட்டரும் பெரிய தூரம்தான். லாரிகள் பறக்கிற இடத்தில் வயதானவர் குறுக்கே போகவே கூடாது. எனவே தினசரித் தேவைகள் எல்லாம் வீடு இருக்கிற பக்கத்திலேயே கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். காட்பாடியில் ரயில் பாதையும், ஊருக்கு நடுவில் பாலாறும் இதே வேலையைச் செய்கின்றன. மேப்பில் பக்கத்தில் இருக்கும், காலுக்கு எட்டாது.

மூன்றாம் படி: கீழே பாருங்கள்

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். வயதானவர்களுக்கு விழுவதுதான் பெரிய பயம். இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை பலருக்குத் திரும்புவதே இல்லை.

கையில் ஒரு இஞ்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பு 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் வகுத்த நெறிமுறை சொல்கிறது. நம்மூர்த் தெருக்களில் பெரும்பாலும் நடைபாதையே இருக்காது, கால்வாய் மேல் போட்ட சிலாப்தான் நடைபாதை. அதில் ஏறி நடந்து பாருங்கள். ஆடுகிறதா? நடுவில் ஒன்று உடைந்து கிடக்கிறதா? வீட்டுக்கு வீடு கார் ஏற்ற சாய்தளம் கட்டியிருந்தால், பத்தடிக்கு ஒரு தரம் இறங்கி ரோட்டுக்கு வர வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ளவருக்கு அந்த ஏற்ற இறக்கமே போதும், மறுநாள் வெளியே வரமாட்டார்.

நடைபாதை இல்லாவிட்டாலும் சில தெருக்கள் நன்றாகவே இருக்கும். வண்டிகள் குறுக்கு வழியாகப் பயன்படுத்தாத, ரோடு பள்ளமில்லாத உள் தெருவாக இருந்தால் ஓரமாக நிம்மதியாக நடக்கலாம். உட்கார ஏதாவது இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கோயில் திண்ணை, டீக்கடை பெஞ்ச், மரத்தடி மேடை, எதுவானாலும் சரி. 200 மீட்டருக்கு ஒரு இடம் உட்காரக் கிடைத்தால் 500 மீட்டர் போகத் துணிவு வரும். தெரு நாய்கள், எரியாத விளக்கு இரண்டையும் நோட்டில் குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: நான்கு வேளை நடங்கள்

காலை ஆறரைக்கு எல்லாத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். அதே வழியை மதியம் பன்னிரண்டரைக்கும், மாலை ஐந்தரைக்கும், இரவு எட்டுக்கும் நடந்து பாருங்கள். முடிந்தால் மே மாதத்தில்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்ததோடு கோயில் குறை தீர்ந்தது. மரமில்லாத மலை நம் விஷயத்தோடு சம்பந்தப்பட்டது. வெறும் பாறை பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் மெல்ல அனலை விடும். மலையடிவாரத் தெருக்களில் மாலை ஆறு மணிக்கும் முகத்தில் சூடு அடிப்பது அதனால்தான். 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. வேப்பமரமும் புங்கமரமும் உள்ள தெருவா என்று பாருங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு லட்சம் குறைவாகக் கிடைத்தாலும் நிழல் உள்ள தெருவைத்தான் நான் எடுப்பேன்.

மலையடிவாரத்தில் மேடும் உண்டு. சைதாப்பேட்டை, கொசப்பேட்டைப் பக்கம் மலையை ஒட்டி ஏறும் சந்துகளில் வீடு சல்லிசாக இருக்கலாம், ஆனால் கடைக்குப் போய்த் திரும்பும்போது பையோடு ஏற வேண்டும். மழை பெய்த மறுநாள் ஒரு தரம் போய், எங்கே தண்ணீர் நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது உங்கள் தெரு எப்படி இருந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள், சொல்வார்கள்.

ஐந்தாம் படி: சின்ன ஊர்களையும் பட்டியலில் சேருங்கள்

வேலூர் என்றால் மாநகராட்சி மட்டும் இல்லை. 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் பழைய வட ஆற்காடு நமக்கு ஒரே ஊர்தான். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜாபேட்டை மாதிரி ஊர்கள் வண்டிகள் வருவதற்கு முன்பே வளர்ந்தவை. வாலாஜா 1866-லேயே நகராட்சி ஆன ஊர். கடைத்தெரு, கோயில், மருந்துக் கடை எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கும். நடக்கிறவர்களுக்குப் புது லேஅவுட்டைவிட இந்தப் பழைய தெருக்கள் நல்லவை என்பது என் உறுதியான எண்ணம். பெங்களூரிலோ சென்னையிலோ பிள்ளைகள் இருந்தால் காட்பாடி ஜங்ஷன் பக்கம் பாருங்கள். காந்தி நகர் மாதிரி சமதளமான, ஒழுங்காகத் தெரு பிரித்த பகுதி வயதானவர்களுக்குத் தோது. நாங்கள் கடைசியில் அந்தப் பக்கம்தான் வந்தோம்.

ஆறாம் படி: வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருங்கள்

குறைந்தது எட்டு மாதம். அக்னி நட்சத்திரமும் ஐப்பசி மழையும் அதற்குள் வந்துபோகட்டும். தரைத்தளமாகப் பாருங்கள். இன்னொன்று, அந்த எட்டு மாதமும் வாரத்தில் இரண்டு நாள் வண்டிச் சாவியைத் தொடாமல் இருந்து பாருங்கள். அந்த இரண்டு நாளும் என்னென்ன வாங்க முடியாமல் போனது, யாரைப் பார்க்க முடியாமல் போனது என்று அதே நோட்டில் எழுதுங்கள். மூன்று மாதத்தில் பதில் தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு ஆளைக் கேளுங்கள். புரோக்கரை வேண்டாம். காலையில் அந்தத் தெருவில் கீரைக் கூடையோடு வருகிற அம்மாவைக் கேளுங்கள்: "இந்தத் தெருவுல வயசானவங்க யாரும்மா தினமும் வெளியே வர்றாங்க?" அவர் நாலைந்து வீடுகளைக் கை காட்டினால் தைரியமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். எங்கள் தெருவில் இப்போது அப்படிக் கேட்டால் அம்மா இருக்கிற வீட்டையும் காட்டுவார்.