நர்சிங் சீட்டுக்கு ஏப்ரலிலேயே கிளம்புங்கள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பாப்பா நல்ல மார்க் எடுத்திருக்கு, நர்சிங்குக்கு எப்படிப் போடறது?" நீலகிரியில் சேரம்பாடி, கொளப்பள்ளி, தேவாலா, சில நேரம் கோத்தகிரியில் இருந்தும் கூப்பிடுவார்கள். நான் முதலில் கேட்பது சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று. எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்கும்.

இது எனக்கு நடந்தது, அதனால்தான் கேட்கிறேன். எங்களுடையது டேன்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். அப்பா பெயர் பள்ளிச் சான்றிதழில் சின்னசாமி, சாதிச் சான்றிதழில் சின்னச்சாமி. ஒரு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் கூடுதலாகப் போட்ட அந்த ஒரு 'ச்', என்னைப் பொதுப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்தியது. திருத்தி வாங்குவதற்குள் கவுன்சலிங் முடிந்துவிட்டது. பிறகு டிப்ளமோ நர்சிங்கில் சேர்ந்து மூன்று வருடம், அதற்குமேல், டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் வாங்கப் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இரண்டு வருடம். நான்கு வருடத்தில் கிடைக்க வேண்டிய பட்டம் ஐந்து வருடத்தில் கிடைத்தது. பெரிய நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஒரு வருடத்தை ஒரு மெய்யெழுத்துக்குக் கொடுத்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி நர்சிங் இடத்துக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி தேர்வுக் குழுதான் விண்ணப்பம் வாங்கி, தரவரிசை போட்டு, கவுன்சலிங் நடத்துகிறது. கட்-ஆஃப் 200-க்கு. உயிரியல் அப்படியே 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. உயிரியல் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாகப் படித்தவர்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி உயிரியல் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ், ஆங்கிலத்தில் எவ்வளவு வாங்கினாலும் கட்-ஆஃப் ஏறாது, ஆனால் ஆங்கிலத்தில் தேறியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள், உயிரியலில் ஒரு மார்க் என்பது இயற்பியலில் இரண்டு மார்க்குக்குச் சமம். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும்.

பரீட்சை எழுதி முடித்த பிறகு மார்க்கை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் கையில் மிச்சம் இருப்பது காகிதம்தான். மலையில் காகிதம் நகர்வதற்கு நேரம் பிடிக்கும். விண்ணப்பம் மே, ஜூனில் திறப்பார்கள், அதே நேரம் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்ட ஆரம்பித்திருக்கும். தேவாலாவில் மழை எப்படிப் பெய்யும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மரம் விழும், கரண்ட் போகும், இ-சேவை மையத்தில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவட்டம் பாதையில் மண் சரிந்தால் ஊட்டிக்குப் போகிற பஸ் பாதியில் திரும்பும். ஆகவே பரீட்சை முடிந்த கையோடு, வெயில் இருக்கும் ஏப்ரலிலேயே, சான்றிதழ் வேலையை முடித்துவிடுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் ஜூனில் பாலிதீன் கவருக்குள் ஃபைலை வைத்துக்கொண்டு தாலுகா அலுவலக வாசலில் நிற்பார்கள்.

முதலில் ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வையுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ, ஆதார், சாதிச் சான்றிதழ், அப்பா அம்மாவின் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு. பிள்ளையின் பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி, இந்த நான்கும் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்த்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நம் பெயரை நாமே படிக்கும்போது பிழை கண்ணில் படாது. இனிஷியல் முன்னாலா பின்னாலா, ஒன்றா இரண்டா, ஆங்கிலத்தில் 'எச்' இருக்கிறதா இல்லையா, இங்கெல்லாம்தான் சிக்கல் வரும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதுதான் சுலபம், மார்க் ஷீட்டைத் திருத்தக் கிளம்பினால் அது தனிக் கதை.

சாதி, வருமானம், பிறப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய நான்கு சான்றிதழ்களும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஒன்றுக்கு 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாலுகா என்று ஆன்லைனிலேயே மேலே போகும். போகும் என்று நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று நாள் பொறுத்து வி.ஏ.ஓ.விடம் போய், ரசீது எண்ணைக் காட்டி, "சார், நம்ம பாப்பா காலேஜுக்குப் போடணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு வி.ஏ.ஓ. எத்தனை தோட்டம் பார்க்கிறார் என்று உங்களுக்கே தெரியும், ஞாபகப்படுத்தினால் தப்பில்லை. வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், போன வருடம் ஸ்காலர்ஷிப்புக்கு வாங்கியதை நீட்டாதீர்கள்.

தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையிலிருந்து வந்தபோது மண்டபம் முகாமில் தாத்தா, பாட்டிக்குக் கொடுத்த குடும்ப அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது டிரங்குப் பெட்டியின் அடியில், பாட்டியின் கல்யாணப் புடவைக்கும் கீழே, மடித்த இடமெல்லாம் கிழிந்து கிடந்தது. சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு வந்தவர் நாங்கள் நீட்டிய மற்ற காகிதங்களை ஒதுக்கிவிட்டு அதைத்தான் கையில் எடுத்துப் படித்தார். லேமினேட் செய்கிறேன் என்று கடைக்குக் கொண்டுபோய்ச் சுருக்கிவிடாதீர்கள், நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து வைத்தால் போதும்.

பழங்குடி பிள்ளைகளுக்கு வழி வேறு. அவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் தர வேண்டும். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் வீடுகளில் பெற்றோரிடமே சான்றிதழ் இல்லாமல் இருப்பதைப் பார்க்கிறேன், அப்படியானால் ஏப்ரல்கூடத் தாமதம், பிளஸ் ஒன் சேர்ந்ததுமே ஆரம்பியுங்கள். பழங்குடியினருக்கு இந்த மாநிலத்தில் 1 சதவீதம்தான் ஒதுக்கீடு. அந்த ஒன்றும் காகிதம் இல்லாததால் கைவிட்டுப் போகக் கூடாது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் நர்ஸ்களாக வேலை பார்க்கிற ஆதிவாசிப் பெண்களைப் போய்ப் பாருங்கள், வழி கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எல்லையோரப் பிள்ளைகள் சிலர் சுல்தான் பத்தேரி பக்கம், கேரளாவில் படித்திருப்பார்கள். வீடு பந்தலூரில், பள்ளி வயநாட்டில். அவர்கள் பிறப்பிடச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தில் கையே வைக்க வேண்டாம்.

விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டரில் ஒரு பழக்கம் உண்டு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரத் தம்பி தன்னுடைய போன் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் கவுன்சலிங் அன்று ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும், அவர் அன்றைக்குக் கோவையில் கல்யாணத்தில் இருப்பார். உங்கள் வீட்டு நம்பரைக் கொடுங்கள், அந்த சிம் சாகாமல் ரீசார்ஜ் செய்து வையுங்கள், பாஸ்வேர்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். சமர்ப்பிக்கும் பட்டனை அழுத்துவதற்கு முன் திரையில் இருப்பதை நீங்களே படியுங்கள், குறிப்பாகச் சாதிப் பிரிவு, மார்க். முன்னாள் ராணுவத்தினர் வீட்டுப் பிள்ளை, மாற்றுத்திறனாளி, விளையாட்டு என்றால் சிறப்புப் பிரிவைக் குறிக்க மறக்காதீர்கள். குன்னூர், வெலிங்டன் பக்கம் பட்டாளத்து வீடுகள் நிறைய, ஆனால் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். கடைசி நாள் என்று ஒன்று மழைக்காலத்தில் கிடையாது.

தரவரிசையில் உங்களுக்கு இரண்டு எண் வரும், பொது ஒன்று, சாதிப் பிரிவில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். அதன் பிறகு கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும், இங்கேதான் நல்ல ரேங்க் வாங்கியவர்களும் கோட்டை விடுகிறார்கள். "நமக்கு எங்கே கிடைக்கப் போகுது" என்று மதுரையையும் சேலத்தையும் கீழே தள்ளிவிட்டு, கிடைக்கும் என்று தோன்றுகிற தனியார் கல்லூரியை மேலே வைத்துவிடுவார்கள். மேலிருந்து கீழாகப் பார்த்துத்தான் இடம் ஒதுக்குவார்கள். ஆசைப்படும் வரிசையில் போடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத் தானாக இறங்கும், முதலில் பெரிய கல்லூரியைப் போட்டதால் எதுவும் குறையாது. சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம், தேனி என்று அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றையும் முதலில் அடுக்குங்கள், தூரம் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள். பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

இதற்கிடையில் ஏஜென்ட் வருவார். ரிசல்ட் வந்த வாரமே லைன் வீடு லைன் வீடாக வருவார், பெங்களூரு கல்லூரியின் பளபளப்பான நோட்டீஸோடு. "ஒரிஜினலைக் கொடுங்க, சீட்டைப் பிடிச்சு வெச்சுடறேன்." கொடுக்காதீர்கள். என் சித்தி மகள் அப்படிக் கொடுத்தாள். அரசு ஒதுக்கீட்டில் இடம் வந்தபோது, முதல் வருட ஃபீஸ் முழுவதையும் கட்டினால்தான் ஒரிஜினல் என்று அந்தக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்து டி.சி.யை மீட்டார். எங்கே சேர்ந்தாலும், கல்லூரிக்கு மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பார்த்த பிறகுதான் பணம். தமிழ்நாட்டில் என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகம்.

இன்னொரு குழப்பம், சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் இருக்கிற தோழி ஒருத்தி, அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து, என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வை எழுதி நர்ஸ் ஆகலாம் என்றாள். உண்மைதான். அதைக் கேட்டுவிட்டு இங்கேயும் சமுதாயக் கல்லூரியில் ஒரு வருட "நர்சிங் டிப்ளமோ" சேர்ந்துவிடுகிறார்கள். இங்கே அது உதவியாளர் படிப்பு. அதை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாமல் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. பதிவுக்குப் போகிற வழிகள் பி.எஸ்சி, மூன்று வருட டிப்ளமோ போன்றவைதான்.

பி.எஸ்சி கிடைக்காவிட்டால் டிப்ளமோவுக்கும் சேர்த்தே போட்டு வையுங்கள், அதற்குத் தனி விண்ணப்பம். நீட் எழுதியிருந்தால் புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் இருக்கிறது, ராணுவ நர்சிங் இருக்கிறது. ராணுவத்தில் பெண்களுக்கு மட்டும், புனே, பெங்களூரு உட்பட ஆறு கல்லூரிகளில் 220 இடங்கள், படிப்புச் செலவை ராணுவமே பார்த்துக்கொள்ளும், முடித்ததும் அதிகாரியாக வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். உயரம் 152 சென்டிமீட்டர் கேட்பார்கள். வெலிங்டன் ராணுவ மருத்துவமனையைத் தினமும் கடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட இதைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வேலூர் சி.எம்.சி.க்கும் தனியாக விண்ணப்பம், அதன் தேதியைத் தனியாகக் கவனியுங்கள்.

பணத்துக்கு: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைத்து இருக்க வேண்டும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அலைய வேண்டாம், கிடைக்காது.

ஒதுக்கீட்டு ஆணை வந்துவிட்டால் சேருவதற்குச் சில நாட்கள்தான் தருவார்கள். ஒரிஜினல் அவ்வளவும், ஒவ்வொன்றிலும் நான்கு ஜெராக்ஸ், பத்து பாஸ்போர்ட் போட்டோ, முதல் நாளே பஸ். மேட்டுப்பாளையம் இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், மதுரையில் அதற்கு வேலையில்லை. டி.சி.யை மட்டும் கைப்பையில், மடிக்காமல்.