திரும்பி வந்த மதிப்புரை

இடைக்காலத் தென்னிந்தியா பற்றி வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலுக்கு நான் எழுதிய மதிப்புரை இரண்டே நாளில் திரும்பி வந்தது. "இது பொருளடக்கம் மாதிரி இருக்கிறது, உங்கள் கருத்து எங்கே?" என்று இதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். கோபம் வந்தது. ஆனால் அத்தியாயத்துக்கு ஒரு பத்தி என்றுதான் சுருக்கியிருந்தேன்.

சரி என்று அத்தனையையும் அழித்துவிட்டு ஒரே வாதத்தைக் கையில் எடுத்தேன். சோழ அரசனின் நேரடி அதிகாரம் மையப் பகுதியோடு சரி, அதைத் தாண்டினால் பெரும்பாலும் சடங்குத் தலைமைதான் என்பது ஸ்டைனின் கட்சி. அப்புறம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுப் பதிப்பைப் புரட்டினேன். நிலத்தை முந்திரி, கீழ்முந்திரி வரை கணக்கிட்டிருக்கிறார்கள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி அதைவிடவும் சிறியது. அதுவாவது சோழர்களின் மையப் பகுதியான காவிரிக் கரைக் கணக்கு, ஸ்டைனுக்கு அதில் சிக்கலில்லை. கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய பட்டியலில் ஈழத்து ஊர்களும் இருக்கின்றனவே! வெறும் சடங்குத் தலைமைக்கு இவ்வளவு தூரத்திலிருந்து வருவாய் கணக்கில் ஏறுமா? மதிப்புரையை இந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன்.

நாடு என்ற வட்டாரப் பிரிவின் நிலவுடைமையாளர்கள் கூடிய நாட்டார் சபைகளை ஸ்டைன் முன்னுக்குக் கொண்டுவந்ததற்கு ஒரு பத்தி முழுக்கப் பாராட்டு, மனதாரத்தான். இந்த முறை ஆசிரியர் வெட்டியது ஒரே வரி, என் கிண்டல் வரி.